டியூப் லெவலில் மட்டம் எடுப்பது எப்படி: குழாய் நிரப்புவது முதல் கணக்கு முடிப்பது வரை

உள்ளே தெரிகிற குழாய், கொஞ்சம் தண்ணீர், இரண்டு ஆள். கருவி இவ்வளவுதான். ஆனாலும் புதிதாகப் பிடிப்பவர்கள் முதல் நாளிலேயே ஒரு சுவரையாவது தப்பாகக் குறித்துவிடுகிறார்கள். நானும் குறித்திருக்கிறேன். ஓர் அறையைச் சுற்றி மட்டக்குறி போட்டுக்கொண்டே போய், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தபோது கடைசிக் குறி முதல் குறிக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. குழாய்க்குள் குமிழி ஒன்று குந்தியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் வரக்கூடிய ஒரு தப்பைத் தடுப்பதற்காகத்தான் அந்த இடத்தில் இருக்கிறது.

1. எந்த நீர்மட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

நீர்மட்டம் என்ற ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு பொருள் தருகிறது. அணையிலும் ஆற்றிலும் அது ஓர் அளவுகோலின் பூஜ்ஜியத்திலிருந்து மேல்நோக்கி எண்ணும் உயரம். எண் கூடினால் தண்ணீர் ஏறுகிறது. கிணற்றிலும் ஆழ்துளையிலும் பெரும்பாலும் தரையிலிருந்து கீழ்நோக்கி எண்ணும் ஆழம். அங்கே எண் கூடினால் தண்ணீர் இறங்குகிறது. ‘நீர்மட்டம் 8 மீட்டர்’ என்று மட்டும் எழுதி வைத்தால், எங்கிருந்து என்று தெரியாதவரை அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

கட்டட வேலையில் நீர்மட்டம் என்பது ஒரு கருவியின் பெயரும்கூட. டியூப் லெவல், லெவல் டியூப், மட்டக்குழாய் என்றெல்லாம் சொல்வது இதைத்தான். தண்ணீர் நிரப்பிய குழாயின் இரண்டு வாயும் திறந்திருந்தால், குழாய் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும் இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். இரு பக்கமும் மேலிருந்து அழுத்துவது ஒரே காற்று, கீழே தாங்குவது ஒரே தண்ணீர் என்பதே காரணம்.

ரசமட்டம் (குமிழிக் கண்ணாடி பதித்த மட்டப்பலகை) இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். ரசமட்டம் ஒரு செங்கல், ஒரு நிலைப்படி, ஒரு பலகை அளவுக்குச் சரி. மீட்டருக்கு அரை மி.மீ. பிழை சாதாரண ரசமட்டத்தில் சகஜம். அதையே நகர்த்தி நகர்த்தி 8 மீட்டர் போனால் அந்தப் பிழையும் கூடவே வளரும். டியூப் லெவலில் பிழை தூரத்தோடு வளர்வதில்லை. மூலை திரும்பவும் செய்யும். நடுவில் சுவர் இருந்தாலும் கவலை இல்லை.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ‘இந்தப் புள்ளியும் அந்தப் புள்ளியும் ஒரே உயரம்’ என்பதை மட்டும்தான் தண்ணீர் சொல்லும். எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம், எங்கிருந்து என்பதெல்லாம் நம் கணக்கு. தப்புகளில் பாதி அந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நிறமில்லாத பிளாஸ்டிக் குழாய், உள்துளை 8 முதல் 10 மி.மீ. இதைவிடக் குறுகலாக இருந்தால் குமிழி ஒட்டிக்கொண்டு நகராது, தண்ணீரும் மெதுவாகத்தான் ஓடும். அகலமானால் தண்ணீர் அதிகம் பிடிக்கும், கை வலிக்கும். நீளம், அளக்கப்போகும் மிகப் பெரிய தூரத்தைவிடக் குறைந்தது 3 மீட்டர் கூடுதலாக இருக்கட்டும். இரு பக்கமும் குழாய் தரையிலிருந்து சுவரில் ஏறி நிற்க வேண்டுமே!

இரண்டு முனையும் ஒரே குழாயாக இருக்க வேண்டும். ஒரு முனை கிழிந்துபோனது என்று வேறு துளையுள்ள துண்டைச் செருகுவதைப் பார்த்திருக்கிறேன். குறுகிய துளையில் தண்ணீர் தானாகவே கொஞ்சம் மேலேறி நிற்கும். சுத்தமான கண்ணாடிக் குழாயில், 1 மி.மீ. துளையென்றால் ஏறக்குறைய 30 மி.மீ. ஏறும், 5 மி.மீ. துளையில் ஐந்தாறு மி.மீ. ஏறும். இரு முனையும் ஒரே துளை என்றால் இரு பக்கமும் சமமாக ஏறும், கணக்கில் அடிபட்டுப் போகும். துளை மாறினால் அந்த வித்தியாசம் நேராகச் சுவருக்கு வந்துவிடும்.

இவை தவிர: ஒரு வாளி சுத்தமான தண்ணீர், இரு முனைக்கும் அடைப்பான் (கட்டை விரல் போதும் என்பார்கள், அரை மணி நேரத்தில் விரல் வழுக்க ஆரம்பிக்கும்), கூர் சீவிய பென்சில், அளவு டேப், கோடு அடிக்கச் சுண்ணப்பொடி நூல், ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டு கட்டாயம். சுவரிலேயே எண்களைக் கிறுக்கி வைத்தால் பூச்சு வந்ததும் போய்விடும்.

3. குழாயை நிரப்புதல்

புதுக் குழாய் சுருளாகத்தான் வரும். முதலில் அதை வெயிலில் போட்டு இளக வைத்து, நீளமாக இழுத்துப் படுக்கவையுங்கள். சுருளாகவே நிரப்பினால் ஒவ்வொரு வளையத்தின் உச்சியிலும் காற்று தங்கும்.

வாளியில் பிடித்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஆற விடுங்கள். குழாயடியில் வேகமாக விழும் தண்ணீரில் காற்று கலந்திருக்கும். அது பிறகு குழாயின் உட்சுவரில் பொடிப்பொடியாக முத்துக்கட்டும். பார்வைக்கு எளிதாக இருக்கட்டும் என்று வண்ணம் சேர்ப்பதானால் வாளியிலேயே முழுதாகக் கரைத்துவிடுங்கள். குழாயின் ஒரு முனையில் மட்டும் பிறகு ஊற்றாதீர்கள். இரு பக்கமும் ஒரே தண்ணீர் என்பதுதான் இந்தக் கருவியின் உயிர்நாடி.

வாளியை ஸ்டூல் போன்ற உயரத்தில் வையுங்கள். குழாயின் ஒரு முனையை வாளியின் அடிவரை இறக்கி, நழுவாமல் கட்டுங்கள். மறுமுனையைத் தரையில் வைத்து ஒரு முறை உறிஞ்சிவிட்டால் தண்ணீர் தானாக இறங்கும். நேராகக் குழாயடியில் மாட்டி நிரப்புவதைவிட இது மெதுவானது. அதனால்தான் நல்லது: தண்ணீர் முழுத் துளையையும் அடைத்துக்கொண்டு வந்து காற்றை முன்னால் தள்ளும்.

தண்ணீர் வந்துவிட்டது என்று உடனே நிறுத்தாதீர்கள். 10 மி.மீ. துளையுள்ள 15 மீட்டர் குழாய் சுமார் 1.2 லிட்டர் பிடிக்கும். குறைந்தது அதைப்போல் இரண்டு மடங்கு வழிந்து ஓட விடுங்கள். முதல் ஓட்டத்தில் ஒட்டியிருந்த குமிழிகள் இரண்டாவது ஓட்டத்தில்தான் கழன்று வரும்.

பிறகு ஒரு முனையை அடைத்து வாளியிலிருந்து எடுங்கள். இரு முனையையும் சேர்த்துப் பிடித்து, வாய்க்குக் கீழே ஒரு முழம் காலியாக இருக்குமாறு தண்ணீரைக் குறையுங்கள். வாய்வரை நிரம்பியிருந்தால் கை சற்றுத் தாழ்ந்ததும் கொட்டிவிடும்.

4. குமிழி பார்த்தல்

இந்தப் படியைத்தான் எல்லோரும் அவசரமாகத் தாண்டுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எல்லாக் குமிழியும் கெடுதல் இல்லை. உட்சுவரில் ஊசிமுனை அளவு ஒட்டியிருப்பவற்றைச் சுற்றித் தண்ணீர் தொடர்ந்து நிற்கிறது. அவற்றால் மட்டம் மாறாது. துளையை முழுதாக அடைத்து, தண்ணீரை இரண்டு துண்டாக வெட்டுகிற குமிழிதான் ஆபத்து.

அதுவும் அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. தரையில் படுத்த பகுதியில் இருந்தால் அந்த நேரத்துக்குப் பிழை வராது. சுவரில் செங்குத்தாக ஏறும் பகுதியில் 20 மி.மீ. நீளத்துக்கு நின்றால், அந்தப் பக்கத் தண்ணீர் 20 மி.மீ. உயரமாகக் காட்டும். குமிழிக்கு எடை இல்லை. அந்த இடத்தில் இருக்க வேண்டிய தண்ணீரின் எடையை ஈடுகட்ட மேலே அவ்வளவு தண்ணீர் நின்றாக வேண்டும்.

‘படுத்த இடத்தில்தானே இருக்கிறது, கிடக்கட்டும்’ என்று விட்டால், அடுத்த அறைக்குப் போக ஒரு படி ஏறும்போது அது நின்ற பகுதிக்கு வந்துவிடும். காலையில் சரியாக இருந்த கருவி மதியம் தப்புச் சொல்வது இப்படித்தான்.

வெளியேற்ற: ஒரு முனையை அடைத்து, மறுமுனையைத் திறந்து, அடைத்த முனையின் பக்கமிருந்து குழாயைக் கையளவு கையளவாகத் தூக்கிக்கொண்டே திறந்த முனையை நோக்கி நடங்கள். குமிழி எப்போதும் மேட்டை நோக்கித்தான் ஓடும். நீங்கள் அந்த மேட்டை நகர்த்திக்கொண்டு போகிறீர்கள். திறந்த முனை மட்டும் தண்ணீர் கொட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். பிடிவாதமாக நிற்கும் குமிழியை விரல் நகத்தால் சுண்டினால் கிளம்பும். குழாயைப் போட்டு உலுக்காதீர்கள். ஒரு பெரிய குமிழி பத்துச் சின்னதாகும், வேலை இரட்டிக்கும்.

முடித்ததும் குழாயின் முழு நீளத்தையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். ஒரு நிமிடம் ஆகும். வேறு எந்த ஒரு நிமிடமும் இவ்வளவு மிச்சப்படுத்தாது.

5. முனைகளைச் சேர்த்துச் சோதித்தல்

இரு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, இரண்டையும் திறந்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு முனையை ஒரு சாண் தூக்கிப் பாருங்கள். அதற்குள் இருக்கும் தண்ணீர் கீழிறங்கி, இரண்டும் மறுபடி சமமாக வேண்டும். சமமாகவே இல்லை என்றால் உள்ளே குமிழி. அசையவே இல்லை என்றால் குழாய் எங்கோ மடிந்திருக்கிறது அல்லது யாரோ மிதித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தச் சோதனையை வேலைக்கு முன் ஒரு முறை செய்தால் போதாது. மதிய இடைவேளைக்குப் பிறகும், குழாயை இழுத்து வேறு அறைக்குக் கொண்டுபோன பிறகும் செய்யுங்கள்.

6. ஆதாரக் குறி போடுதல்

அளவெல்லாம் ஒரே ஒரு குறியிலிருந்து புறப்பட வேண்டும். முடிந்த தரை எங்கே வர வேண்டுமோ அதிலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில் அந்தக் குறியை வைப்பது வசதி. டேப்பை வைத்துக் கழிக்க எளிது, கண்ணுக்கும் எட்டும், தரையில் சாமான் கிடந்தாலும் மறையாது.

பூச்சு உதிரும் இடத்திலோ, பிறகு இடிக்கப்போகும் சுவரிலோ, கதவிலோ போடாதீர்கள். தூண் நல்ல இடம். குறியை மெல்லிய கிடைக்கோடாகப் போட்டு, கோட்டின் மேல் விளிம்பா கீழ் விளிம்பா, எதிலிருந்து அளக்கிறோம் என்று நோட்டில் எழுதுங்கள். தச்சர் பென்சிலின் தடித்த கோடு மட்டுமே 2 மி.மீ. சாப்பிட்டுவிடும்.

7. குறியை அடுத்த சுவருக்குக் கடத்துதல்

ஒருவர் ஆதாரக் குறியில், ஒருவர் புதுச் சுவரில். இருவரும் தங்கள் முனையை ஏறக்குறைய ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே அடைப்பை எடுக்க வேண்டும். ஒருவர் இடுப்பளவிலும் மற்றவர் தலைக்கு மேலும் பிடித்துக்கொண்டு திறந்தால் இடுப்பளவில் பிடித்தவர் நனைவார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாத இடத்தில் குரல்தான் கருவி. வார்த்தைகளை முன்னாடியே பேசி வையுங்கள்.

“அண்ணே, அடைப்பு எடுத்துட்டீங்களா?”

“எடுத்தாச்சு தம்பி. அசையாம பிடி, நான் குறிக்குக் கொண்டாறேன்.”

“நான் பிடிச்சிட்டேன்ணே.”

“குறியில நிக்குது. போட்டுக்கோ.”

இதில் முக்கியமானது ‘அசையாம பிடி’. ஒருவர் மட்டுமே அசைய வேண்டும். குறியைக் கண்ணால் பார்ப்பவர் ஆதாரக் குறியில் நிற்பவர் என்பதால், தண்ணீரைக் குறிக்குக் கொண்டுவருவதும் அவர் வேலை. மற்றவர் குழாயைச் சுவரோடு ஒட்டி வைத்து மரம்போல் நிற்க வேண்டும். இருவரும் சரிசெய்யப் புறப்பட்டால் ஒருவர் விரட்ட ஒருவர் ஓட, முடிவே வராது.

புதியவர்கள் இங்கே குழம்ப இன்னொரு காரணம் உண்டு. உங்கள் முனையை 2 செ.மீ. தூக்கினால் தண்ணீர் சுவரில் 1 செ.மீ.தான் ஏறும், மீதித் தண்ணீர் மறுமுனையில் அதே 1 செ.மீ.யை ஏற்றியிருக்கும். அதனால் குறிக்கு 1 செ.மீ. கீழே தண்ணீர் நின்றால், குழாயை 2 செ.மீ. தூக்க வேண்டும். இது தெரிந்தால் மூன்றாவது முயற்சியில் நிற்கும். தெரியாதவர்கள் பத்து முறை ஆட்டுவார்கள்.

தண்ணீர் ஊஞ்சல் மாதிரி ஆடித்தான் அடங்கும். 20 மீட்டர் குழாயில் ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 6 விநாடி பிடிக்கும். மூன்று நான்கு ஆட்டம் போகட்டும். நான் மனதுக்குள் முப்பது எண்ணுவேன். ஆட்டத்தின் உச்சியில் குறி போட்டுவிட்டு, பிறகு கோடு ஏன் சேரவில்லை என்று சுவரைத் திட்டுபவர்கள் நிறைய.

குழாய்க்குள் தண்ணீரின் மேற்பரப்பு குழிந்து நிற்கும். ஓரம் மேலே, நடு கீழே. இரு பக்கமும் குழிவின் அடியையே பாருங்கள். கண் அந்த உயரத்திலேயே இருக்க வேண்டும்; மேலிருந்து எட்டிப் பார்த்தால் குறி கீழே போகும், அண்ணாந்து பார்த்தால் மேலே போகும். உள்சுவர் காய்ந்திருந்தால் குழிவு ஒழுங்காக அமையாது. முனையைச் சற்றுத் தாழ்த்தித் தண்ணீரை மேலேற்றி நனைத்துவிட்டுப் பழைய உயரத்துக்கு வாருங்கள்.

குழாயின் மேலேயே பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டைச் சுவரில் வைத்து அளக்கும் தப்பும் நடக்கிறது. குழாயின் கோட்டுக்கும் மட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. சுவருக்குப் போக வேண்டியது தண்ணீரின் உயரம் மட்டும்தான்.

குறி போட்ட பிறகு ஆதாரக் குறியில் இருப்பவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்: இன்னும் அங்கேயே நிற்கிறதா? நிற்கிறது என்றால்தான் அந்தக் குறி கணக்கில் சேரும். பிறகு இருவரும் அடைத்துவிட்டு நகருங்கள். வழியில் கொஞ்சம் தண்ணீர் சிந்தினாலும் பயமில்லை, அடுத்த குறிக்கும் ஆதாரக் குறியில் மறுபடி பொருத்தித்தானே எடுக்கப்போகிறோம்.

8. துணைக்கு ஆள் இல்லாவிட்டால்

ஒரு முனையை வாளித் தண்ணீருக்குள் கட்டி, வாளியை அசையாத ஸ்டூலில் வையுங்கள். வாளியின் நீர்ப்பரப்பு நீங்கள் குறிக்க நினைக்கும் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மறுமுனையோடு நீங்கள் நடக்கலாம்.

முதலில் ஆதாரக் குறிக்குப் போய், தண்ணீர் குறிக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்று எழுதுங்கள். 12 மி.மீ. கீழே என்றால், மற்ற இடங்களில் தண்ணீர் காட்டும் உயரத்துக்கு 12 மி.மீ. மேலே குறி போட வேண்டும்.

வாளி அகலமாக இருப்பது இங்கே முக்கியம். 28 செ.மீ. விட்டமுள்ள வாளியும் 10 மி.மீ. துளைக் குழாயும் என்றால், குழாயில் 10 செ.மீ. ஏறி இறங்கினால் வாளியின் மட்டம் 0.13 மி.மீ. அளவுக்கே மாறும். அதுவே 8 செ.மீ. விட்டமுள்ள பாட்டில் என்றால் 1.6 மி.மீ. பாட்டில் போதும் என்று நினைத்தவர்களுக்கு அந்த 1.6 எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

தூசி விழாமல் வாளியை மூடலாம், காற்றுப் புகாதபடி இறுக்கக் கூடாது. நடக்கும்போது கையில் உள்ள முனை வாளி மட்டத்துக்குக் கீழே போனால் வாளி காலியாகும், அடைத்துக்கொண்டு நடங்கள். கடைசியில் ஆதாரக் குறிக்கு வந்து அந்த 12 மி.மீ. அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இடையில் தண்ணீர் போயிருக்கிறது. எடுத்த குறிகள் எதையும் நம்ப வேண்டாம்.

9. வெயில் பட்ட பக்கம், நிழல் பட்ட பக்கம்

அனுபவசாலிகளும் கவனிக்காத இடம் இது. சூடான தண்ணீர் இலேசானது. 20 பாகை செல்சியஸில் உள்ள தண்ணீரைவிட 40 பாகையில் உள்ளது சுமார் 0.6 சதவீதம் இலேசு. வெயில்பட்ட சுவரில் 1 மீட்டர் உயரம் குழாய் நின்று, அதில் தண்ணீர் 40 பாகைக்குச் சூடாகி, மறுபக்கம் நிழலில் 20 பாகையில் இருந்தால், வெயில் பக்கம் 6 மி.மீ. உயரமாகக் காட்டும்.

படுத்த பகுதி எவ்வளவு சூடானாலும் பிழை இல்லை. செங்குத்தாக நிற்கும் பகுதிதான் கணக்கு. எனவே மருந்தும் அங்கேதான்: குழாயைத் தரைக்கு அருகில் 30 செ.மீ. உயரத்தில் வைத்துக் குறி எடுத்தால் பிழை மூன்றில் ஒரு பங்குக்குக் குறையும். மேலே போக டேப்பை நிமிர்த்தி அளந்துகொள்ளலாம். காலையிலோ சாயங்காலமோ எடுத்தால் இன்னும் நல்லது.

முனைகளை இடம் மாற்றி இன்னொரு முறை அளப்பது நல்ல பழக்கம். ஒரு முனைக்குரிய குறை இருந்தால் இரண்டு குறிகளும் மேலும் கீழுமாக விலகும், நடுப்புள்ளி சரியானது. ஆனால் வெயில் பிழை இதில் பிடிபடாது. சூடு முனையோடு வருவதில்லை, சுவரோடு இருக்கிறது. எந்த முனையை வைத்தாலும் அதே தப்பான குறிதான் இரண்டு முறையும் கிடைக்கும். இரண்டு முறை ஒத்துப்போனது என்ற தைரியம் அங்கே ஏமாற்றும்.

10. திரும்பி வந்து பார்த்தல்

முடிந்தவரை எல்லாக் குறிகளையும் ஒரே ஆதாரக் குறியிலிருந்து நேரடியாக எடுங்கள். முதல் சுவரிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது என்று சங்கிலியாகப் போனால் ஒவ்வொரு கடத்தலின் பிழையும் அடுத்ததில் ஏறும். குழாய் எட்டாத இடத்தில் மட்டும் சங்கிலி.

எப்படி எடுத்தாலும், கடைசிக் குறியிலிருந்து வேறொரு குறிக்கு ஒரு முறை குறுக்கே பிடித்துப் பாருங்கள். தரை, பூச்சு வேலைக்கு 2 மி.மீ. வரை விலகினால் நான் ஏற்றுக்கொள்வேன். 5 மி.மீ. வந்தால் எந்தக் குறி தப்பு என்று யோசித்து நேரம் போக்காமல் படி 4-க்குத் திரும்பிக் குமிழி பார்ப்பேன்.

குறிகள் ஒத்துப்போன பிறகுதான் சுண்ணப்பொடி நூலில் கோடு அடிக்க வேண்டும். கோடு அடித்துவிட்டால் யாருக்கும் அதைச் சந்தேகப்பட மனம் வராது.

11. கோட்டிலிருந்து தரையைக் கணக்கிடுதல்

மட்டக்கோட்டிலிருந்து டேப்பைக் கீழே விட்டு ஒவ்வொரு மூலையிலும் தரைவரை அளக்கிறீர்கள். நான்கு மூலையில் 1000, 1018, 993, 1006 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். எது மேடு?

‘1018 பெரிய எண், அதனால் அது மேடு’ என்று சொல்பவர்கள்தான் அதிகம். கோட்டிலிருந்து கீழே அளக்கும்போது பெரிய எண் பள்ளம். இரண்டாவது மூலைதான் மிகப் பள்ளம், 993 வந்த மூன்றாவது மூலை மிக மேடு. கிணற்று நீர்மட்டத்தில் எண் கூடினால் தண்ணீர் இறங்குகிறது என்று பார்த்தோமே, அதே கணக்கு. நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு போட்டு வைத்தால் குழப்பம் வராது.

மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் 25 மி.மீ. மேடான மூலையில் குறைந்தது 40 மி.மீ. கலவை வேண்டும் என்றால், பள்ளமான மூலையில் 65 மி.மீ. வரும். எப்போதும் மேட்டிலிருந்து தொடங்கிக் கணக்கிடுங்கள். பள்ளத்திலிருந்து தொடங்கினால் மேட்டில் கலவை போட இடமே இல்லாமல் போகலாம்; அது பாதித் தரை போட்ட பிறகுதான் தெரியவரும்.

12. சரிவு வேண்டும் என்றால்

குளியலறை, மொட்டைமாடி, வடிகால் எதுவானாலும் முதலில் மட்டம், பிறகு சரிவு. குழாயைச் சாய்த்துச் சரிவு எடுக்க முடியாது. தண்ணீர் அதற்குச் சம்மதிக்காது. மட்டக்கோடு போட்டு, அதிலிருந்து இறக்கி அளக்க வேண்டும்.

100-க்கு 1 சரிவு என்றால் மீட்டருக்கு 10 மி.மீ. நீளம் 4 மீட்டர் என்றால் மேட்டு முனையில் கோட்டிலிருந்து 200 மி.மீ., தாழ்ந்த முனையில் 240 மி.மீ. இரண்டையும் குறித்து நூல் கட்டினால் நடுவில் தானாக வரும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்பு போடுங்கள். கணக்கெல்லாம் சரியாகப் போட்டுச் சரிவைத் திசை மாற்றிக் கொடுத்த ஒரு மொட்டைமாடியை எனக்குத் தெரியும்.

13. எடுத்து வைத்தல்

வேலை முடிந்ததும் தண்ணீரை வடித்து, இரு முனையையும் திறந்தபடி தொங்கவிடுங்கள். தண்ணீரோடு சுருட்டி வைத்தால் உள்ளே பாசி படியும். அடுத்த முறை குமிழி அதில்தான் ஒட்டும். இறுக்கமாகச் சுருட்டினால் மடிப்பு நிரந்தரமாகிவிடும். உள்சுவர் மங்கி, தண்ணீரின் குழிவு தெளிவாகத் தெரியாத குழாயைத் தூக்கிப் போட்டுவிடலாம். அல்லது இரு முனையிலும் ஒரே அளவு நீளம் வெட்டி, நல்ல பகுதி வரை வந்துவிட்டதா என்று பாருங்கள்.